வெற்றி என்று எழுதியிருக்கிறது, அக்கா

என் உயிரான கஸ்தூரி அக்கா,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. ஈஜிபுரா வீட்டில் உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில், அதே ஈசிஜி அறையில்தான். நெஞ்சில் களிம்பு தடவி, ஒயர் மாட்டி, கோடு எடுத்துக் கொடுக்கிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

போன வாரம் டாக்டர் புது வேலை ஒன்று கொடுத்தார். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்துக்குள் சூடு வைக்கிறார்களே, உனக்குச் செய்தது, அது யாருக்குப் பலிக்கும் என்று ஈசிஜியைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம். சிகிச்சைக்கு முன்னால் எடுத்ததையும் மூன்று மாதம் கழித்து எடுத்ததையும் நான் ஜோடி சேர்த்துத் தர வேண்டும். பட்டியலில் உன் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘வெற்றி’ என்று போட்டிருந்தது.

வெற்றியாம் அக்கா! நீ செத்தது வீட்டில். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

அந்த மூன்றாம் மாத ஈசிஜியை எடுத்தவள் நான்தானே. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாய். களிம்பு பட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

“அக்கா, சும்னே இரு, அசையாதே. கோடு ஆடுது, டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு.”

“உன் கை ஐஸ் மாதிரி இருந்தா நான் என்னடி பண்றது?”

முதல் தாள் கிறுக்கலாக வந்தது, கசக்கி எறிந்தேன். இரண்டாவதும் அப்படியே. எங்கள் அறையில் அதுதான் பழக்கம். ஆள் அசைந்தால் தாள் குப்பைக்குப் போகும், சுத்தமாக வந்ததுதான் ஃபைலுக்குப் போகும். உனக்குத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மூன்றாவது எடுத்தேன். பளிச்சென்று வந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மாதமே உன் மூளையில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது.

நீ சிரித்ததில் கோடு ஆடியதா, உன் இதயமே அப்போது தடுமாறியதா? வேற்றாளாக இருந்தால் எறியுமுன் அந்தத் தாளை ஒரு தடவை உற்றுப் பார்த்திருப்பேன். அக்காதானே என்று விட்டுவிட்டேன். சண்டாளி நான்.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இருண்டுவிட்டது. “இன்னும் எத்தனை பேருக்கு இப்படி எறிஞ்சிருப்பீங்கம்மா?” என்றார். “அந்த வெற்றியையாவது அடிச்சுடுங்க சார். துடிப்பு மறுபடி தப்பிப்போச்சுன்னு எழுதுங்க,” என்று கெஞ்சினேன்.

“எதை வச்சு எழுதறது? அந்தத் தாள் எங்கே இருக்கு?”

எதுவும் நிச்சயமில்லை என்று உன் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அக்கா. நீ பிழைக்கவும் இல்லை, செத்த கணக்கிலும் இல்லை.

உன் மகள் அடிக்கடி கேட்கிறாள், “அம்மாவுக்குத்தான் சரியாயிடுச்சே சித்தி, அப்புறம் ஏன்?” இத்தனை நாளும் விதி என்று சொல்லி மழுப்பினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன். “என் முகத்திலேயே முழிக்காதே” என்று அவள் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த பாவி,
வசந்தி