எலி நடக்குதாக்கா?

12 ஏப்ரல் 2013, திருப்பதி

இன்றும் கிஷோர் போன் செய்தான். "எலி நடக்குதாக்கா?"

பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்த தம்பி, நகரி வீட்டில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். நான் இங்கே எலிகளின் அடிபட்ட முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் வைக்கிறேன். இரண்டையும் முடிச்சுப் போட்டு, அம்மா மலைக்கு முடி வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

20 ஏப்ரல்

வெறும் செல்லை ஊசியில் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை, செத்துப்போகிறது. இனிமேல் கூழில் கலந்துதான். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள். ஐஸில் நீராக இருக்கும். உடம்புச் சூடு பட்டால் அல்வா மாதிரி இறுகி, செல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

9 மே

பாழாய்ப்போன கரண்ட். ஐஸ் கரைந்து, அறையே உடம்பைவிடச் சூடாகிவிட்டது. கூழ் சிரிஞ்சுக்குள்ளேயே இறுகிப்போச்சு. அழுத்தினேன், அசையவில்லை. முதுகு திறந்தபடி எலி மேஜைமேல் — தைத்து மூடினேன். வேற என்னதான் பண்றது?

கைடு உமாபதி சார் திட்டவில்லை. "பரவாலேதும்மா, இனிமே விடியறதுக்குள்ள முடிச்சிடு."

17 மே

விடியற்காலை, வேறொரு எலி. கூழ் சரியாக இறங்கியது.

2 ஜூன்

கிஷோர் அந்த எலிக்கு ரமணா என்று பெயர் வைத்துவிட்டான். "ரமணா துன்னுச்சா?" என்று விசாரிக்கிறான். செல் பிழைத்ததா என்று அறிய ரமணாவைக் கொன்று முதுகை அறுத்துப் பார்க்க வேண்டும். அவனிடம் இதைச் சொன்னதில்லை.

28 ஜூன்

செல்கள் பிழைத்திருக்கின்றன. பாதிக்குமேல். மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்கின. சார் கை கொடுத்தார்.

நேற்றுவரை ரமணா பின்னங்கால்களை இழுத்துக்கொண்டுதான் போனது. செல் பிழைப்பது வேறு, கால் நடப்பது வேறு. சந்தோஷமே வரவில்லை.

30 ஜூன், நகரி

செல் பிழைத்ததை மட்டும் சொன்னேன். அம்மா மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கிஷோர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனதும் கேட்டான்: "ரமணா நடக்கலதானே?"

ஆமாம் என்றேன்.

"இப்போ எங்க கீது?"

அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை.

8 ஜூலை, திருப்பதி

கிஷோர் போன் செய்தான். மூன்று சக்கர ஸ்கூட்டர் எங்கே கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டான். விசாரிக்கிறேன் என்றேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. உடனே சத்தமாக, "எலி நடக்குதாக்கா?" என்றான்.

"நடக்குதுடா" என்றேன்.