ஐஸ் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

அக்கா,

இன்று காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. "அன்பு வாடிக்கையாளரே, எங்கள் சேவை உங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்? மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம்." கீழே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் மூஞ்சி. அனுப்பியது யார் தெரியுமா? போன வாரம் உங்களைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியை வாடகைக்கு விட்ட கம்பெனி.

மீண்டும் சேவை செய்யக் காத்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டில் அடுத்த சாவு எப்போது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் போல. இதை எழுதிய புத்திசாலி எந்த ஊர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும், இதைக் கேட்டால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள் என்று தோன்றியது. சொல்ல நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோச்சடையில் நாம் வேலை பார்த்த பிரிட்ஜ் சர்வீஸ் சென்டரில் நீங்கள் புகார் எடுக்கும் போனில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் மெக்கானிக். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர் என்றாலும் அதிகாரம் நாற்பது வயதுக்கு இருந்தது. நமக்குள் சண்டை இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. எல்லாச் சண்டைக்கும் காரணம் உங்கள் அந்த ஒரு பழக்கம்.

வேலை முடிந்தது என்று நான் போன் பண்ணினால் அதை நோட்டில் எழுத மாட்டீர்கள். "போனைக் கொண்டுபோய் பிரிட்ஜ் முதுகுல வை" என்பீர்கள். நான் வாடிக்கையாளர் முன்னால் குனிந்து, கம்ப்ரஸர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு விடாமல் கேட்பீர்கள். பிறகு வீட்டுக்காரம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "ஓடுதாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதன்பிறகுதான் பேனாவை எடுப்பீர்கள்.

"என்னைய நம்ப மாட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"உன்னைய நம்புறேன்ப்பா. பிரிட்ஜைத்தான் நம்பல" என்றீர்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாரும் நீங்கள்தான் முரண்டு பிடிப்பீர்கள் என்று நினைத்தோம். நீங்களோ ஒரே வாரத்தில் அதைக் கைக்குள் போட்டுக்கொண்டீர்கள். மேனேஜர் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன்னால் பழுது பார்த்த பிரிட்ஜ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள். "நல்ல பிள்ளைப்பா இது. நாம சொல்றதத்தான் சொல்லுது" என்று அதன் தலையில் தட்டிக்கூடக் கொடுத்தீர்கள்.

நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதில்தான் வில்லங்கம் வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ கோட் சூட் போட்டவர் வாடிக்கையாளர் உறவைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டார். புகார் வந்த ஒரே நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். முடிந்ததற்கு அடையாளமாக வாடிக்கையாளரின் போனுக்கு நாலு எண் வரும். திருப்தி என்றால் அதை அவர் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ஹேப்பி கோட். எண் வந்தால் ஆபீஸ் சுவரில் இருக்கும் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

பச்சைக்காக நாங்கள் பண்ணாத கூத்து இல்லை. "பார்ட்டை அப்புறம் மாட்டிக்கலாம். மொதல்ல கோடை வாங்கிட்டு வா" என்பார் மேனேஜர். நாங்களும் போய், பிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் கையை ஏந்துவோம். "சொல்லுங்கம்மா, இல்லன்னா என் வேலைக்கு ஆபத்து." மதுரைச் சனங்கள் இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். திரையைப் பார்த்தால் ஊரே மகிழ்ச்சியில் மிதந்தது. வீடுகளில் பால் திரிந்துகொண்டிருந்தது.

அப்படித்தான் அந்தச் சித்திரை வெயிலில் சோழவந்தானுக்குப் போனேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீடு. கம்ப்ரஸரை ஓட்டும் போர்டு எரிந்திருந்தது, புதுசு வர நாலு நாள் ஆகும். கதவில் இன்சுலின் குப்பி இருந்தது. பன்னிரண்டு வயது மகளுக்காம். பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "பொட்டப்புள்ளைக்குச் சக்கரைன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்ணே கட்டுவான்?" என்றார். அங்கேயாவது நான் மனுசனாக நடந்திருக்கலாம். உள்ளே பல்பு எரிந்ததைக் காட்டி, "லைட் எரியுதுல்லம்மா, ரெண்டு மூணு நாள் தாங்கும்" என்றேன். கோடை வாங்கினேன். பச்சை விழுந்தது.

பல்புக்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா அக்கா?

புகார் முடிந்துவிட்டதால், அதோடு சேர்ந்திருந்த போர்டு ஆர்டரையும் கம்ப்யூட்டர் தானாகவே ரத்து செய்துவிட்டது. மகிழ்ச்சியாக இருப்பவருக்கு எதற்குப் போர்டு? அந்த அம்மா இலவச எண்ணுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல் பாட்டுப் போட்டிருக்கிறது. அம்புட்டு முக்கியமான அழைப்பை எடுக்க ஒரு ஆள் கிடையாது. கடைசியில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது" என்று சொல்லி வைத்துவிட்டது. ஐந்தாம் நாள், பிரிட்ஜ் பக்கவாட்டில் எப்போதோ நீங்கள் ஒட்டச் சொன்ன ஆபீஸ் நம்பர் ஸ்டிக்கரைப் பார்த்து, ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய லேண்ட்லைனுக்கு அடித்தார். அதைத் துண்டிக்க மேனேஜர் மறந்திருந்தார்.

நீங்கள் கேட்டது அதே ஒற்றைக் கேள்விதான். ஓடவில்லை, உள்ளே இன்சுலின் இருக்கிறது என்ற பதிலைக் கேட்டதும் என்னைப் பார்த்தீர்கள். "நீ போனை வச்சியா? சத்தம் வந்துச்சா?" நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் கத்தவில்லை. முன்னறையில் காட்சிக்கு நிறுத்தியிருந்த அதே மாடல் பிரிட்ஜைக் காட்டி, "கழட்டு" என்றீர்கள்.

"யக்கா, மேனேஜர்..."

"அவருக்குக் கோடு வேணும்னா நான் சொல்றேன். கழட்டு."

போர்டோடும், மருந்துக்கடையில் வாங்கி பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வைத்த புது இன்சுலினோடும் என் பைக்கில் ஏறினீர்கள். அந்தப் பிள்ளை உதடு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். சூட்டில் கெட்டுப்போன பழைய குப்பி தண்ணீர்ப் பானைக்குள் மிதந்தது. என்னை போர்டு மாட்ட விட்டுவிட்டு, நீங்கள் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். எழாமல் போயிருந்தாலும் எங்கள் திரையில் பச்சைதான் எரிந்திருக்கும்.

அடுத்த வாரம், காட்சிப் பொருளைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிந்துபோன புகாருக்கு வேலை பார்த்தது இன்னொரு குற்றமாம். நான் பக்கத்திலேயே நின்றேன். கழற்றியது நான். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் அதிகப் பச்சை வாங்கிய மெக்கானிக் என்று என் போட்டோவைச் சுவரில் மாட்டினார்கள். உங்கள் நாற்காலியை எடுத்துவிட்டு, புகார் கேட்க போனுக்குள் 'தோழி' என்று ஒரு பொம்மையை வைத்தார்கள். என்ன கேட்டாலும் கைகூப்பும், ஒன்றுக்கும் உதவாது.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். போட்டோவை நானே கழற்றி வீசிவிட்டேன். இப்போதெல்லாம் கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்காமல் யாரிடமும் கோடு கேட்பதில்லை. அதனால் என் பெயருக்கு நேரே சிவப்பு நிறைந்து கிடக்கிறது. மேனேஜர் வாரம் ஒரு முறை திட்டுகிறார். திட்டட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்குகிறது.

போன வாரம் அவனியாபுரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, உங்கள் தம்பி ஐஸ் பெட்டிக்குச் சொல்லச் சொன்னான். போனில் பதிவு செய்தேன். வேன் வந்தது. என் வயதுள்ள ஆள். பெட்டியை இறக்கி, உங்களை உள்ளே வைத்து மூடியதும், சுவிட்சைக்கூடப் போடாமல் என்னிடம் வந்தார்.

"அண்ணே, போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

எடுத்துப் பார்த்தேன். ஹேப்பி கோட். சாவு வீட்டுக்கும் அதே பெயர்தான், மாற்ற எவனுக்கும் தோன்றவில்லை.

"மொதல்ல ஓட விடுங்க" என்றேன். பிளக்கைச் சொருகினார். பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது, சத்தம் வரவில்லை.

"லைட் எரியுதுல்லண்ணே. தாமதமானா எனக்குச் செவப்பு விழுந்துரும். அடுத்த வீட்டுக்கு வேற போகணும்."

சோழவந்தானில் நின்ற என் முகம் அது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து, பின்மூடியைக் கழற்றினேன். ஒரு ஒயர் விட்டிருந்தது. முறுக்கி மாட்டினேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் பெட்டியின் முதுகில் காதை வைத்தேன். முதலில் ஒரு நடுக்கம், பிறகு சீரான இரைச்சல். அது நிலைக்கும்வரை காதை எடுக்கவில்லை. வேன்காரர் போனை நீட்டியபடி நின்றார்.

அவருக்கு அந்த நாலு எண்ணைச் சொல்வதற்கு முன்னால், உங்களுக்குச் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி:

"ஓடுதுக்கா."