நீ பதில் சொல்லாத மணல் கேள்வி

என் அன்புத் தேவி,

உனக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொன்னாய். காவடித் திருவிழா முடிந்து, கோயில் வாசலில் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. "சின்னச் சின்ன வாக்கியமா எழுது, சுகந்தி. எழுத்துக் கூட்டிப் படிச்சுடுவேன். அர்த்தம் புரியலேன்னா போன் பண்றேன்" என்றாய். சரி என்றேன். ஏழு மாதம் எழுதவில்லை. போன் வராது என்று ஆன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் பேசிக்கொண்டதெல்லாம் இந்தத் தீவுப் பேச்சான கிரியோலில்தான். அதைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஏதோ வேறு இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது போல இருக்கிறது. பரவாயில்லை. கோயில் குருக்கள் வேலைக்காக அப்பா எங்களை இந்தியாவிலிருந்து இந்தக் காத்ர் போர்ன் ஊருக்குக் கூட்டி வந்தபோது எனக்குக் கிரியோல் ஒரு வார்த்தை தெரியாது. இங்கே காலேஜ் என்று சொல்கிற கியூர்பிப் ஹைஸ்கூலில், மழையில் நனைந்த யூனிஃபார்மோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நீதான் பேச வைத்தாய். "வீட்டுல நிஜமாவே நாள் முழுக்கத் தமிழா? சண்டை போடும்போதுகூடவா?" என்று கேட்டுச் சிரித்தாய்.

அந்த வருஷம் சுற்றுச்சூழல் வினாடி வினாவுக்குப் பள்ளிக்கு இரண்டு பேர் என்றார்கள். பயாலஜி டீச்சர் நம் இரண்டு பேரையும் அனுப்பினார். கரையோரமெல்லாம் ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் ஸ்வெட்டர் ஃபேக்டரி. எங்கே பார்த்தாலும் சிமெண்ட் லாரி, மணல் லாரி. நாம் பறவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குக் கூட்டிப்போனாய். கரையில் சவுக்கு மரங்கள் வேர் தெரிய நின்றன. "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப இதுக்கு அந்தப் பக்கமும் மணல் இருந்தது. அங்கே ஓடி விளையாடுவோம்" என்று தண்ணீரைக் காட்டினாய். பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிக் கிடக்கிற கடலில் மணல் அள்ளினால் அடி ஆழமாகிவிடும், அலை அடங்காமல் நேரே கரைக்கு வந்து மிச்ச மணலையும் இழுத்துப் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தாய். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"யார் அள்றாங்க?" என்று கேட்டேன்.

"நிறைய பேர்" என்றாய்.

பிறகு உங்கள் வீட்டுக்குப் போனோம். உன் பப்பா குப்புறப் படுத்திருந்தார். உன் அம்மா அவர் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பப்பாவின் உள்ளங்கையெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. மீன் பிடிக்கிறவர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீயும் திருத்தவில்லை.

இறுதிப் போட்டி சனிக்கிழமை காலையில், எங்கள் காத்ர் போர்னிலேயே. உன் பப்பா கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார். மூன்றாவது வரிசை. கேள்வியும் பதிலும் எல்லாம் இங்கிலீஷில். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீ எழுந்து நின்றபோதெல்லாம் அவரும் கொஞ்சம் எழும்பி எழும்பி உட்கார்ந்தார்.

கடைசிச் சுற்றில் ஒருத்தருக்கு ஒருத்தர் உதவக் கூடாது. இரண்டு அணியும் சமமாக நின்றோம். உன் முறை வந்தது. நம் தீவில் கடற்கரைகள் தேய்ந்துபோக மனிதர் செய்கிற எந்த வேலை முக்கியமான காரணம் என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கோப்பை நமக்குத்தான்!

நீ மைக்கைப் பார்த்தாய். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாய். மணி அடிக்கும் வரைக்கும் நின்றாய். கடைசியில் "பாஸ்" என்றாய்.

கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அந்தப் பையன் எழுந்து, "கடலுக்குள் மணல் அள்ளுவது" என்றான். அதோடு விடவில்லை. அள்ளுகிறவர்களுக்கு நாட்டைப் பற்றிக் கவலையில்லை, அவர்களைச் சிறையில் போட வேண்டும் என்றும் சொன்னான். அரங்கமே கை தட்டியது. உன் பப்பாவும் தட்டினார், தேவி. எல்லோரும் தட்டுகிறார்களே என்று, கோட்டுக் கை மேலே ஏற, அந்த வெடித்த கைகளால் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடித்துவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அவர் தால்பூரி வாங்க வரிசையில் போய் நின்றார். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "உனக்குத் தெரியும்! நீதானே எனக்கே சொல்லிக்கொடுத்தே!"

"பப்பா உட்கார்ந்திருந்தாரு" என்றாய்.

"உட்கார்ந்திருந்தா என்ன?"

"அவர்தான் மணல் அள்றாரு, சுகந்தி."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே! நீ என்ன சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிஞ்சிருக்காதே!"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றாய்.

இதற்குள் அவர் வந்துவிட்டார். மூன்று பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு. என் பங்கை முதலில் என்னிடம்தான் நீட்டினார். நான் வாங்கவில்லை. திரும்பி நடந்து, வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தேன். நீ இரண்டு முறை வந்து பேசினாய். மூன்றாவது முறை வரவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு கோப்பை அவ்வளவு பெரிதா என்று இப்போது கேட்கிறேன். எனக்கு அது கோப்பை மட்டுமில்லை. வந்தேறி வீட்டுப் பெண் மேடையில் நின்று ஜெயித்தாள் என்று இந்த ஊர் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இதை உன்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய். ஏன் சொல்லவில்லை?

இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, காவடிக் கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். ஓட்டலில் ரிசப்ஷன் வேலை, பப்பா உன்னோடு இருக்கிறார், அம்மா போய்விட்டார் என்று வேகமாகச் சொல்லி முடித்தாய். மன்னிப்பு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உனக்கு அந்த அப்புறம் வரவே இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் விழுந்தாயாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் பப்பாவைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டில் இருக்கிற உன் தம்பி உள்ளே கூட்டிப்போனான். சுவரில் உன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ். அந்த வினாடி வினா சான்றிதழ்தான். உன் பெயர், அதற்குக் கீழே இங்கிலீஷில் "இரண்டாம் இடம்".

"நீங்க ரெண்டு பேரும் ஜெயிச்சீங்களே, அது" என்றார் பப்பா. "எல்லாரும் கை தட்டினாங்களே."

உன் தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எத்தனை வருஷமாக, யாரும் சொன்னதில்லை.

"ஆமாம், ஜெயிச்சோம்" என்றேன்.

காபி குடித்துக்கொண்டே அவராகப் பேசினார். மணல் அள்ளக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியதைச் சொன்னார். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்தது. ஆனா நிறுத்தினது சரிதான், பொண்ணே. எங்களுக்குத் தெரியாதா? இடுப்பளவு தண்ணியில நின்னவங்க நாங்க. கால் எட்டின இடத்துல ஒரு நாள் கால் எட்டல. கரை போறதை எங்களைவிட யார் பார்த்தாங்க? வேற வேலை இல்ல, அள்ளினோம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தேவிதான் அதைப் பத்தி என்கிட்ட பேசவே மாட்டா. நான் ஆரம்பிச்சாலும் எழுந்து போயிடுவா. எனக்கு வருத்தமா இருக்கும்னு நினைச்சா போல" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது, தேவி. எதைச் சொல்ல மாட்டேன் என்று நீ அவ்வளவு பேர் முன்னால் நின்றாயோ, அதை அவர் உனக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தார். நீ சொல்லியிருந்தால் ஒருவேளை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியிருப்பீர்களோ என்னவோ. இல்லை, நீ செய்ததுதான் சரியா? எனக்குத் தெரியவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டே" என்றார். ஜெயித்த பெண் ஏன் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவையும் யோசிக்காமலா இருந்திருப்பார்? அல்லது நாம் தோற்றதையும் தெரிந்துகொண்டே, உனக்காக அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாரா? நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

என் பெண்ணுக்கு இப்போது நம் அன்றைய வயது. அவளும் இந்த வருஷம் இதே மாதிரி ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். உன்னைப் பற்றி அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த மாதம் அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், நான் உன்னிடம் நடந்துகொண்டதை ஒன்றுவிடாமல். அந்த வீட்டுச் சுவரில் இருப்பதை வாய்விட்டுப் படிக்காதே என்றும் சொல்லிவைப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நானே போவேன். மணலைப் பற்றி, கடலைப் பற்றி, அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் எழுந்து போக மாட்டேன். இது சத்தியம், தேவி.

உன் பப்பாவுக்கு மிச்சமிருக்கும் பெண்,
சுகந்தி