சண்டையை நிறுத்துவது யார்

8-6-99, செவ்வாய்

காலை முதல் தூறல். சீசன் முடிந்து மலை ஊர் காலி. கம்ப்யூட்டர் வகுப்புக்கு இரண்டே பேர். அவர்களும் டைப்பிங் மட்டும் போதும் என்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: பிரிண்டர் ரிப்பன். யுபிஎஸ் கத்துகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். சுகுணாவுக்குக் கடிதம். (என்னிடம் படித்தவர்களில் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவள் அவள் ஒருத்திதான். பெங்களூரிலிருந்து புது கேம் சிடி அனுப்பியிருக்கிறாள்.)

இரண்டு மணிக்கு பஷீர் பாய். கீழே மளிகைக் கடை அவருடையது. மாடியில் என் வகுப்பும் நானும். மதியம் கடையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு மேலே வந்து என்னோடு கம்ப்யூட்டர் கேம் ஆடுவது மூன்று வருடப் பழக்கம். தை மாதம் பக்கவாதம் வந்த பிறகு படி ஏற நேரமாகிறது. வலது கை மௌஸை நகர்த்தும், ஆனால் தாமதமாக. இடது கைக்கு மாற மாட்டாராம்.

பழைய விளையாட்டின் கடைசிக் கோட்டை இன்று. குழுவில் ஆறு பேர். மூன்று பேர் பாயுடையவர்கள், மூன்று பேர் என்னுடையவர்கள். அடுத்தவர் ஆளைத் தொடக் கூடாது, கேட்காமல் யோசனையும் சொல்லக் கூடாது. ஆரம்பத்திலேயே போட்ட சட்டம்.

"அந்த எலும்புக்கூடு முறை எப்பங்க சார்?"

"நமக்கப்புறந்தான் பாய்."

"அப்ப டீ குடிச்சுக்கலாமுங்க."

குடித்தோம். எலும்புக்கூடு வாளை ஓங்கியபடி நின்றது. கோட்டை விழுந்தது.

9-6, புதன்

மழை இல்லை. பனிமூட்டம், எதிர்க் கடை போர்டு தெரியவில்லை. காலையிலேயே புதுசைப் போட்டுப் பார்த்தேன், தனியாக.

பழையது: வேகத்தைப் பொறுத்து வரிசை. ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர். தரையில் கட்டம், எண்ணி நடக்கலாம். தீக்குண்டு எங்கே விழும் என்று போடுவதற்கு முன்பே தெரியும். குறை: எலியை அடிக்கவும் அரை மணி நேரம்.

புதுசு: எல்லோரும் ஒரே நேரத்தில். சேலம் பஸ் வந்து நின்றதும் ஸ்டாண்டில் நடப்பதுதான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் உறையும். கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் ஓடும். வாசலில் நம் ஆட்களே இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தீக்குண்டு போய்ச் சேர்வதற்குள் எதிரி நகர்ந்துவிட, எரிவது நம்மவர். ஆனாலும் பிடித்துவிட்டது. பழையதில் சண்டை கணக்குப் போடுவது போல. இதில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று: ஒவ்வொரு ஆளையும் தானாகச் சண்டை போட விட்டுவிடலாம். மெனுவில் ஒரு டிக். நாம் சொல்லாமலே அம்பு விடுவான், காயம் பட்டவனுக்கு மருந்து போடுவாள். மோசமில்லை. என் மாணவர்களைவிடப் பொறுப்பு.

10-6, வியாழன்

பாயுடன் புதுசு. பெயர் வைப்பதற்கே அரை மணி. இங்கிலீஷில் பத்து எழுத்துக்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது, அதனால் என் வாள்காரன் கரடியூரான் வெறும் 'கரடியூரா' ஆனான். பாயின் வில்லாளிக்கும் பக்கத்து ஊர்ப் பெயர், நாகலூர். மருத்துவச்சிக்கு மனைவி பெயர், ஜைனம்பு. "கீழ சொல்லிப்புடாதீங்க சார்."

முதல் சண்டையிலேயே தோல்வி. இரண்டாவதும். பாயின் மௌஸ் எதிரியிடம் போய்ச் சேரும்போது எதிரி அங்கே இல்லை. நான் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தினேன். அம்புக்குறி திரையில் ஊர்ந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஜன்னலைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"எனக்கோசரம் நிறுத்தாதீங்க சார்."

வித்தியாசம் இதுதான் என்று இப்போது எழுதும்போது புரிகிறது. பழையதில் காத்திருப்பது விளையாட்டு. அது யாருக்காகவும் காத்திருக்கும், யார் மெதுவென்று சொல்லாது. இதில் காத்திருப்பவன் நான்.

பழையதையே முதலிலிருந்து ஆடலாமா என்று கேட்டேன். "முடிச்சதை எதுக்குங்க? நீங்க புதுசு ஆடுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சாயந்திரம் தீப்பெட்டி வாங்கப் போனபோது அவர் மனைவியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "கீழ இருந்தா கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துக்கறாருங்க. உங்க மாடிக்கு வந்தாத்தான் அசைக்கறாரு. டாக்டரு அசைக்கோணும், அசைக்கோணும்னு நொம்பச் சொல்லியிருக்காருங்க."

வெறுமனே பார்க்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் படி ஏறுவதும் நிற்கும்.

11-6, வெள்ளி

தொழுகை முடிந்து மூன்று மணிக்கு வருவார். அதற்குள் அவருடைய மூவருக்கும் மெனுவில் டிக் போட்டுவிட்டேன். சொல்லவில்லை.

ஜெயித்தோம். பாயின் மௌஸ் பாதி வழியில் இருக்கும்போதே ஜைனம்பு மருந்து போட்டுவிடுகிறாள். அவர் தான் போட்டதாக நினைத்துக்கொண்டார்.

"கை தேறிப்போச்சாட்டம் இருக்குதுங்க சார்."

ஆமாம் என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

12-6, சனி

வெயில். துணி காய்ந்தது. ரிப்பன் வந்தது, தப்பான அளவு.

இரண்டு சண்டை, இரண்டும் வெற்றி. ஐந்து மணிக்கு அவர் மனைவியே மேலே வந்து ஒரு தட்டு சமோசா வைத்தார். "கை சுத்தமா நல்லாயிருச்சுங்கறாருங்க. செவ்வாக்கிழமை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போகோணும், இனி வேண்டாம்னு சொல்லிட்டாரு. நெசமாவே தேறிருச்சுங்களா சார்? நீங்கதான கூடவே பாக்கறீங்க?"

கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் போகச் சொல்லுங்கள் என்றேன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

13-6, ஞாயிறு

எப்படிச் சொல்வது என்று காலை முழுவதும் ஒத்திகை. (அ) விளையாட்டாகச் சொல்வது. (ஆ) கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது. (இ) நேராக.

எதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. சண்டை நடுவே பாய் மௌஸை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜைனம்பு பாட்டுக்கு மருந்து போட்டாள். நாகலூர் இரண்டு பேரைச் சாய்த்தான். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்து, கடைசிவரை பார்த்தார். ஜெயித்தோம்.

"நான் கையே வெக்கலீங்களே சார்."

சொன்னேன். மெனுவைத் திறந்து டிக்கையும் காட்டினேன்.

"எப்ப இருந்துங்க?"

"வெள்ளிக்கிழமையில இருந்து."

மௌஸைப் பிடித்து மெனுவை அவரே மூடினார். பிறகு, "நான் நிறுத்துப் போடறப்ப தராசுல நீங்க வெரலை வெச்சாப்புல இருக்குதுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் இறங்கி முடிக்கும்வரை படிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

14-6, திங்கள்

வரவில்லை. யுபிஎஸ் ஆள் வந்தான். பேட்டரி போச்சாம்.

மூன்று டிக்கையும் எடுத்தேன். யாருக்காக எடுத்தேன் என்று தெரியவில்லை.

15-6, செவ்வாய்

காலை எட்டு மணி பஸ்ஸில் பாயும் மனைவியும் சேலம் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெரிய நிம்மதி.

தனியாக ஆடிப் பார்த்தேன். ஆறு பேரும் எனக்கே. எல்லாச் சண்டையிலும் வெற்றி. அரை மணியில் மூடிவிட்டேன்.

16-6, புதன்

இன்றும் வரவில்லை. மழை. வகுப்புக்கு ஒருத்தர்.

17-6, வியாழன்

காலையில் கடைக்குப் போனேன். துவரம் பருப்பு கால் கிலோ. தேவையே இல்லை, வீட்டில் இருக்கிறது. பாய் வலது கையால் அள்ளினார். பாதி சிந்தியது. மறுபடி அள்ளினார். நான் எங்கும் பார்க்காமல் அவர் கையையே பார்த்தபடி நின்றேன். பின்னால் மஞ்சக்குட்டை ஊர்க்கார அம்மா ஒருவர்: "வெரசாப் போடுங்க பாய், ஜீப்பு போயிருமுங்க."

"கொஞ்சம் நிக்கோணுமுங்கம்மா. கை இவ்வளவுதான்."

பொட்டலத்தை என்னிடம் தரும்போது: "அந்தத் தானா ஓடற சமாச்சாரத்தை எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு பாய்."

"ரெண்டு மணிக்கு வரேனுங்க. ஆனா நிறுத்தறது நானு. நீங்க நிறுத்தக் கூடாது."

வந்தார். இடது கை ஸ்பேஸ் பார் மேல், வலது கை மௌஸ் மேல். சதுப்பு நிலத்தில் ஒரே சண்டை, முக்கால் மணி நேரம். எத்தனை தரம் நிறுத்தினார் என்று எண்ணவில்லை. இப்படி ஆடினால் புதுசும் பழசு மாதிரிதான் ஆகிறது, ஆனால் முறையை வகுப்பது கம்ப்யூட்டர் இல்லை, பாய்தான்.

முடிவில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தத் தவறினார். என் கரடியூரா அடிபட்டு விழுந்துகொண்டிருந்தான். ஜைனம்பு மேல் மௌஸ் போய்ச் சேர்ந்தது, அவளிலிருந்து அவனை நோக்கி ஊர்ந்தது, பக்கத்தில் வந்தும்விட்டது. அதற்குள் செத்துப் போனான்.

"அடடா. வந்துக்கிட்டே இருந்தேனுங்க சார்."

"பாத்தேன் பாய்."

"சேவ் பண்ணுனது இருக்குதுங்களே. அதுல இருந்து போலாமுங்க."

வேண்டாம், செத்தது செத்ததாகவே இருக்கட்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினார். ஐந்து பேரும் நடந்தார்கள்.