அம்மாவின் போன் வரும்வரை

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்ததை உங்களிடம் சொன்னேன். வந்து சேர்ந்ததைச் சொல்லத்தான் நீங்கள் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் அத்தனை வருடம் போர்மேனாக இருந்து, உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லாமல், ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அம்மா அதை இன்னும் நம்பவில்லை. நானும்தான்.

இங்கே நான் ஆராதனைக்குப் போகிற கோயில் எண்ணூறு வருடம் பழையது. தரையெல்லாம் கல்லறைகள். பெயர் தேய்ந்துபோன மனிதர்கள்மேல் நடந்துதான் பெஞ்சுக்குப் போக வேண்டும். முதல் ஞாயிறு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். மார்கரெட் என்கிற வயதான அம்மா, கால் விறைத்துப்போகும் என்று மறுபடி போடவைத்தார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில்தான் உட்காருகிறேன். எல்லாரும் ஆங்கிலத்தில் ஜெபிக்க, நான் உதட்டுக்குள் நம் சாத்தூர்த் தமிழில் ஜெபிப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆராதனை ஒன்று. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. விளக்குகளை அணைத்து ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். எல்லார் முகமும் அழகாக இருந்தது அப்பா. எனக்கோ கூரை மரம், பெஞ்சு மரம், வாசல் ஒன்றே ஒன்று என்றுதான் கண்ணில் பட்டது. என்மேல் நைலான் கோட்டு வேறு. நம் ஊர்க் கோயிலில் இப்படி ஆராதனை வந்தால் நீங்கள் தீயணைக்க ஈரச்சாக்கோடு கடைசி வரிசையில் உட்காருவீர்கள், சபையே சிரிக்கும். நான் என் திரியைப் பற்றவைக்கவே இல்லை.

மூன்றாவது பாட்டின்போது பின்னால் நின்றவர் முன்னால் சாய, மார்கரெட்டின் சால்வைக் குஞ்சத்தில் தீப்பிடித்தது. "தள்ளுங்க, தள்ளிப் போங்க" என்று தமிழில் கத்தி, சால்வையை உருவித் தரையில் போட்டு மிதித்தேன். பாட்டு நின்றுவிட்டது. தீ ஒரு சாண்கூட ஏறவில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை. என் கை நடுக்கம்தான் நிற்கவில்லை. மார்கரெட் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடியும்வரை விடவில்லை.

மறுநாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். "ஒரு மெழுகுவத்திக்கா இம்புட்டு நடுங்குற? நான் தெனமும் மருந்துக்குள்ளதான இருந்துட்டு வாரேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று பேச்சை மாற்றினாள். பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போவதாகத்தான் அதுவரை என்னிடம் சொல்லியிருந்தாள். விடாமல் கேட்டதில் சொல்லிவிட்டாள்: அச்சங்குளத்துக் கம்பெனியில், வெடிமருந்து அடைக்கிற அறையில் இருக்கிறாளாம்.

ஏன் என்று சண்டை போட்டேன்.

"வீட்ல சும்மா இருந்தா உங்கப்பா நெனப்பாவே இருக்கு. மருந்து ரூம்ல வேற நெனப்பு வரக்கூடாதுல்லா. அதான் அங்கன போறேன்."

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா. அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது இங்கே நண்பகல். அதனால் வகுப்பு முடிந்ததும் கோயிலுக்குப் போய்விடுகிறேன். வார நாளில் ஆளே இருக்காது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'கர்த்தாவே' என்பதற்குமேல் ஜெபம் நகராது.

நேற்று போன் வரவில்லை. அரை மணி, ஒரு மணி ஆயிற்று. ஊர்ச் செய்தியைத் தேடிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பூ மாற்ற வந்த மார்கரெட் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசியில் அம்மா கூப்பிட்டாள். பஸ் வழியில் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம். "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். நான் அழுததை மார்கரெட் மட்டும்தான் பார்த்தார்.

இனி வெயில் ஏறுகிற மாதங்கள் அப்பா. அந்த அறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த தீபாவளியோடு நின்றுகொள்கிறேன் என்கிறாள். அதுவரைக்கும்?

கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வந்து அவளை அதட்டமாட்டேன். உங்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல்தான் அவள் அந்த அறைக்குள் போகிறாள் என்று இப்போது புரிகிறது. அவளோடு உட்கார்ந்து உங்களைப் பற்றியே பேசுவேன், அவள் அழுது தீர்க்கும்வரை. அந்த நாள் வரை, தினமும் அவள் குரலைக் கேட்காமல் இந்தக் கோயிலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் மகள்,
எஸ்தர்