மலைப் படம் கொடுத்தவர்

புக்கிட் செலம்பாவ்,
1944 பங்குனி

நவமணியின் அப்பாவுக்கு,

உங்களைக் கொண்டுபோனது போலவே சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் ஏற்றும் ரயிலில் வரும் சின்னையா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் மகள் இறந்துவிட்டாள் என்று அங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரி அவளுக்கு வாரம் ஓர் அஞ்சலட்டை கொடுத்தார். எல்லாம் அவர் நாட்டு புஜி மலைப் படங்கள். மூன்றாவதில் வெள்ளை உடுத்திய யாத்திரிகர்கள் கம்பு ஊன்றி ஏறினார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் அதில் ஏறக்கூடாதாம். ஒருத்தி மட்டும் ஆண் வேடத்தில் உச்சிவரை போனாளாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இதைத் தமிழில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பாப்பாவ அடுத்த வாரம் பங்களாவுக்கே குடிவரச் சொல்றாரு லா."

அன்றே அவள் முடியை வெட்டினேன். உங்கள் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டி, மீன்காரரோடு தஞ்சோங் டாவாய்க்கு, உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "நீங்களும் வாங்கம்மா" என்று கையை விடவில்லை. நானும் போனால் தேடுவார்கள்.

அதிகாரி வந்து கேட்டார். "காய்ச்சல்ல போயிட்டா துரை, ஆஸ்பத்திரியிலேயே புதைச்சிட்டாங்க" என்றேன். கிராணி முகம் மாறாமல் அதை அவர் மொழியில் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார்.

தோட்டம் நம்ப வேண்டுமே என்று ஒப்பாரி வைத்தேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அழுகைதான் நிற்கவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள். பிறகு யாருக்காக அழுகிறேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அழுதழுது அசந்துவிட்டேன்.

பதினோரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் கையால் ஒரு புள்ளியாவது வைத்து அனுப்புங்கள்.

உங்கள் மனைவி