காற்றுச் சுரங்க வலையில் ஒட்டப்பட்ட டேப் குறித்து

அனுப்புநர்:
மூத்த தொழில்நுட்பர்,
காற்றுச் சுரங்க ஆய்வகம்,
இயந்திரப் பொறியியல் துறை.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: எங்கள் இணைப் பேராசிரியரின் பணிக் கோப்பிலுள்ள 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்ற குறிப்பைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தில் விசிறி ஓட்டி, வலை துடைத்து வருகிறேன். மேற்படி குறிப்பைக் காட்டி இணைப் பேராசிரியர் அம்மையாரின் பேராசிரியர் பதவி உயர்வு இருமுறை மறுக்கப்பட்டது. மூன்றாம் முறையும் மறுத்தால், விதிப்படி அவர் இனி விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வுக்குழு வரும் திங்களன்று கூடுகிறது.

2. காற்றாலை வரிசையில் முன்னால் நிற்பது காற்றைக் கலக்கிவிடும். பின்னால் நிற்பது அந்தக் கலங்கிய காற்றில் ஆட்டம் கண்டு இறக்கையில் விரிசல் விடும். எவ்வளவு தள்ளி நட்டால் பிழைக்கும் என்பதைத்தான், விசிறி காற்றை ஊதும் நீண்ட கூண்டான எங்கள் சுரங்கத்துக்குள் உள்ளங்கை அளவு மாதிரிகளை வைத்துப் பதினெட்டு ஆண்டுகளாக அளக்கிறார். அளக்கும் கம்பி தலைமுடியைவிட மெலிது. பக்கத்தில் தும்மினால் போச்சு. "மாதிரி வைக்கறதுக்கு முன்னாடி காலியா ஓட்டுங்க, வெறுங்காத்து எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்பார், தினமும் காலையில். நான் முகம் சுளிக்காமல் ஓட்டியதில்லை.

3. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு காற்றாலைப் பண்ணையில் நான்கு மாதம் தங்கி அளந்துகொண்டிருந்தபோது, சுரங்கத்தில் காற்றைச் சீராக்கும் வலையில் விரல் நீளக் கிழிசல் கண்டேன். புதியது வர மாதக்கணக்காகும். பெரிய கெட்டிக்காரன் போல டேப் ஒட்டினேன், பதிவேட்டில் எழுதவில்லை. அதன்பின் வெறுங்காற்றே சற்றுக் கலங்கித் தெரிந்தது. விசிறிக்கு வயதாகிவிட்டது என்று ஆராய்ச்சி மாணவர்களிடம் அடித்துச் சொன்னேன். நம்பிவிட்டார்கள். அந்த அளவுகளே கட்டுரையாக வெளிவந்தன.

4. பண்ணை அளவுகளோடு அவை ஒத்துவரவில்லை. எல்லோரும் பண்ணையைக் குறை சொன்னோம். அவர் மட்டும் டார்ச்சோடு சுரங்கத்துக்குள் ஊர்ந்து போனார். வெளியே வந்தபோது முடியெல்லாம் தூசி, கையில் அந்த டேப். "நான்தான் மேடம் ஒட்டினேன்" என்றேன். "சரி, புது வலை போடுங்க. எல்லாத்தையும் திரும்ப அளப்போம்" என்றார். ஐயா, வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்! பாராட்டு குவிந்த கட்டுரையைப் பிழையென்று அறிவித்துத் தாமே திரும்பப் பெற்றார்; கோப்பில் அந்தக் குறிப்பு ஏறியது அதனால்தான். என்னைக் குறிப்பிடச் சொன்னதற்கு, "மேற்பார்வை என்னோடதுதானே" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

5. பதினோரு மாதம் திரும்ப அளந்தார். அந்த அளவுகளை வைத்துத்தான் இன்று பல பண்ணைகளில் காற்றாலைகளைத் தள்ளி நடுகிறார்கள். குழுவின் கண்ணில் அது படவில்லை. திரும்பப் பெற்ற ஒரே ஒரு கட்டுரை மட்டும் பட்டிருக்கிறது. பிழையை மூடி மறைத்திருந்தால் எப்போதோ பேராசிரியர் ஆகியிருப்பார். இது என்ன நியாயம் ஐயா?

6. இம்மனு அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார். இத்தனை நாள் நான் வாய் திறக்காதது கோழைத்தனம், வேறொன்றுமில்லை. விட்டுப்போன பதிவை இன்றைய தேதியிட்டு எழுதி, பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. என்மீது நடவடிக்கை எடுப்பதானால் தாராளமாக எடுக்கலாம்.

ஆகவே, திங்களன்று குழு கூடுமுன், அக்கோப்பில் 'ஆய்வாளரின்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் கீழே கையெழுத்திட்டவனை எழுத ஆணையிடுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஆய்வகக் கீழ்த்தளம்
தேதி: இம்மாதம் 9, வியாழன்

இப்படிக்கு,
(கையொப்பம்)
டேப் ஒட்டிய தொழில்நுட்பர்